ஐந்தாம் பாடத்தில் வரும் மனைவி

ஜூலை 3

கல்லூரி நூலகர் அம்மா அவர்களுக்கு,

வாண்டு என்று தொடங்க மனசு வரவில்லை. கோபம் ஆறட்டும், பிறகு பார்க்கலாம். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அப்புறம் நானே சமாதானமும் சொல்ல வேண்டியிருக்கும். கேட்க வந்தது கேட்காமலே போய்விடும். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் அண்ணன் போன பிறகு எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. மத்தியானம் சாப்பிட்டுப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவர் பெயரைப் போட்டுத் தேடுவேன். பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டால் கண்டவர்களும் வந்து நிற்க மாட்டார்கள் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். அவர் மட்டும் வருவார். ஆய்வுக் கட்டுரை எழுதும் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய புள்ளியியல் பாடங்கள், நீ உன் நூலகப் பக்கத்தில் ஏற்றியவை, முதலில் வந்து நிற்கும். நான் நேராக ஐந்தாம் பாடத்துக்குப் போவேன். சராசரி என்றால் என்ன, இடைநிலை என்றால் என்ன என்று சொல்லும் பாடம். எனக்குக் கணக்கு ஒன்றும் வேண்டாம். அதில் நான் இருக்கிறேன், அதற்காகப் போவேன்.

உனக்கும் அது மனப்பாடமாக இருக்கும். “வெளியே கிளம்பும்போது என் மனைவி உள்ளிருந்து ‘இதோ வந்துட்டேன்’ என்று சொன்ன நேரத்துக்கும், அவர் உண்மையிலேயே வாசலுக்கு வந்த நேரத்துக்கும் இடையே எத்தனை நிமிடங்கள் என்று குறித்து வைத்தேன்.” இப்படி ஆரம்பிப்பார். ஒரு நாள் வளையலைத் தேடி ஏகத்துக்கு நேரமாகிவிட்டது, அந்த ஒரு நாளால் சராசரியே வீங்கிப் போயிற்று, ஆகவே மனைவியிடம் நியாயமாக நடந்துகொள்ள விரும்புகிறவர், நிமிடங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வந்து நிற்கும் இடைநிலையைத்தான் பார்க்க வேண்டும் என்று முடிப்பார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திட்டுவேன். அப்புறம் எழுந்துபோய்க் காப்பி போடுவேன்.

இந்த வாரம் அதே பாடத்தை வேறொரு கல்லூரியின் பக்கத்தில் பார்த்தேன். உன் அண்ணன் பெயர் கீழே ஒழுங்காக இருக்கிறது. அவருடைய வாக்கியங்களும் இருக்கின்றன. நான்தான் இல்லை. என் இடத்தில் ஒரு பேருந்து நிற்கிறது! காலைப் பேருந்து எத்தனை நிமிடம் தாமதமாக வந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். வளையல் தொலைந்த இடத்தில் டயர் பஞ்சர் ஆகியிருக்கிறது.

யார் இவர்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது? கேட்டால் மகன் சிரிக்கிறான். “அம்மா, அத்தைதான் குடுத்திருக்காங்க. யார் வேணாலும் மாத்திக்கலாம்னு அங்கயே எழுதியிருக்கு பாருங்க”ங்கிறான். ஆயுசு பூராவும் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்துக் கொடுத்தவள் நான். மருத்துவர் எழுதியதில் ஒரு புள்ளியைக்கூட நாமாக மாற்றக் கூடாது என்று பழகியவள். என் புருஷன் எழுதியதை ஊரே மாற்றலாம் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய்.

பதில் எழுது.

இப்படிக்கு,
பேருந்துக்கு இடம் விட்டவள்


ஜூலை 9

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை நூலகத்திலேயே பிரித்தேன். பிரித்திருக்கக் கூடாது. ‘நூலகர் அம்மா’ என்ற முதல் வரியிலேயே கண் கலங்கி, பக்கத்து மேஜைப் பையன் “மேடம், ஏசியைக் குறைக்கவா?” என்று கேட்டுவிட்டான்.

உங்களிடம் கேட்காமல் நான் செய்யவில்லை அண்ணி. முதல் வருட நினைவு நாளன்று சமையலறை வாசலில் நின்று, “அண்ணனோட பாடத்தையெல்லாம் எல்லாரும் எடுத்துக்கிற மாதிரி போட்டுரட்டுமா?” என்று கேட்டேன். “போடு, போடு, முதல்ல இந்தத் தட்டை வெளிய கொண்டு போ” என்றீர்கள். வீடு நிறைய ஆட்கள் இருந்த நாளில் கேட்டது என் தவறு. எடுத்துக்கொள்வது என்றால் மாற்றிக்கொள்வதும் சேர்த்துத்தான் என்று அன்றைக்கே உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கேட்கவே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஏன் அப்படிக் கொடுத்தேன் என்று சொல்கிறேன். எங்கள் கல்லூரி காசு கட்டி வாங்கும் ஆய்வுத் தரவுத்தளங்களில் பெரியதை இந்த வருடம் நிறுத்திவிட்டார்கள். அதுவரைக்கும் பிள்ளைகள் ஒரு கட்டுரையைத் தேடினால் முழுசாகத் திறக்கும். இப்போது தலைப்பு வருகிறது, சுருக்கம் வருகிறது, அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம் வருகிறது. பூட்டைப் பார்த்ததும் என் மேஜைக்கு ஓடி வருகிறார்கள். அதே கட்டுரையை எழுதியவர் தன் பல்கலைக்கழகத்தின் பக்கத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறாரா என்று தேடித் தருவேன். இல்லையென்றால் எழுதியவருக்கே ஒரு வரி எழுதிக் கேட்கச் சொல்வேன், பாதிப் பேர் அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் பாடம் வேண்டும் என்றால் என்ன செய்வது? எல்லாரையும் அளக்காமல் சிலரை மட்டும் மாதிரியாக எடுப்பது எப்படி, சராசரியை எங்கே நம்பக் கூடாது என்று புரிகிற தமிழில் சொல்லித் தருகிற திறந்த பாடம் தேடினால் அண்ணனுடையதுதான் கிடைக்கிறது. அதை விவசாயம் படிக்கிற பிள்ளை விளைச்சலை வைத்துப் படிக்கும், செவிலியர் படிப்புப் பிள்ளை காய்ச்சலை வைத்துப் படிக்கும். அப்படி மாற்றிக்கொள்ள விட்டால்தான் அது அங்கே போய்ச் சேரும்.

ஒன்று ஞாபகம் இருக்கிறதா அண்ணி? பழைய பல்கலைக்கழக நூலகத்தில் புத்தக விவரம் எழுதிய அட்டைகள் அடுக்கின இழுப்பறைகள் இருக்குமே, பித்தளைக் கைப்பிடி போட்டது. அண்ணன் அங்கே உட்கார்ந்துதான் மேல்படிப்புக்குப் படிப்பான். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கே போய் அவன் மேஜையின் ஓரத்தில் வீட்டுப்பாடம் எழுதுவேன். ஒரு நாள் பச்சைச் சேலையில் ஒருவர் வந்து, எந்தக் கட்டுரை எந்த இதழில் வந்தது என்று சொல்லும் தடித்தடியான அட்டவணைப் புத்தகங்களுக்கு முன்னால் நின்று திருதிருவென்று முழித்தார். மருந்துகளைப் பற்றி ஏதோ கட்டுரை வேண்டுமாம். அண்ணன் எழுந்துபோய், “பொருள் தலைப்பைப் பிடிங்க, ஆசிரியர் பேரைப் பிடிக்காதீங்க” என்று ஆரம்பித்தவன் அன்றைக்குத் திரும்பி வரவே இல்லை. நான் தனியாக வீட்டுக்கு நடந்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு எனக்கு இன்னும் சன்மானம் வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

பேருந்து இருந்துவிட்டுப் போகட்டும் அண்ணி. நம் பக்கத்தில் நீங்கள் அப்படியேதானே இருக்கிறீர்கள்.

உங்கள்
வாண்டு
(ஐம்பது வயதைத் தாண்டியும்)


ஜூலை 14

வாண்டு,

பச்சைச் சேலை இல்லை, நீலம். நீ கதையை மாற்றுகிறவள் என்பது அதிலேயே தெரிகிறது.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது என்கிறாய். பயன்படட்டும். நான் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லையே. படிப்பது வேறு, கை வைப்பது வேறு.

அந்தப் பாடத்தை அவர் எங்கே உட்கார்ந்து எழுதினார் என்று உனக்குத் தெரியாது. நீ அப்போது வேலை கிடைத்துப் போய்விட்டாய். சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கம் மகனின் பாடப் புத்தகம், ஒரு பக்கம் நான் அரியும் காய்கறி, நடுவில் அவருடைய தாள்கள். ஒரு பத்தி எழுதுவார், உரக்கப் படிப்பார். “இது புரியுதா?” என்பார். “எனக்குப் புரியலை” என்பேன். கிழிப்பார். மறுபடியும் எழுதுவார். ஐந்தாம் பாடத்துக்கு எதை எடுத்துக்காட்டாக வைப்பது என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். பரீட்சை மதிப்பெண், மழை அளவு, ஏதேதோ எழுதிப் பார்த்தார். ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஒரு நாள் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு சிரித்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

மறுநாள் எழுதிப் படித்துக் காட்டினார். “இப்ப புரியுதா?” என்றார். புரிந்தது. மானம் போனது. ஆனாலும் புரிந்தது.

அவரோடு எனக்கு எத்தனையோ போட்டோ இருக்கிறது. எல்லாவற்றிலும் இரண்டு பேரும் விறைத்துக்கொண்டு நிற்கிறோம். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிற இடம் அந்த ஒரு பாடம்தான். அதிலிருந்து என்னை எடுத்துவிட்டு அவர் பெயரை மட்டும் வைத்துக்கொண்டால், அவர் யாரோ, நான் யாரோ ஆகிவிடுகிறோம். இன்றைக்குப் பேருந்து. நாளைக்கு இன்னொன்று. இன்னும் பத்து வருடம் கழித்து நான் தேடினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா?

எடுத்துவிடு. ஐந்தாம் பாடத்தை மட்டும் இல்லை, எல்லாவற்றையும். அவர் எழுதியதற்கு இப்போது உரிமை எனக்குத்தான் என்று நீதான் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினாய்.

அண்ணி


ஜூலை 20

அண்ணிக்கு,

எடுத்துவிட்டேன்.

இன்று காலை நூலகம் திறந்ததும் முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். எங்கள் பக்கத்தில் அண்ணன் பெயரைப் போட்டால் இனி ஒன்றும் வராது. ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதுவரைக்கும் எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து திரும்ப வாங்க முடியாது. அவர்கள் எடுத்தபோது அனுமதி இருந்தது, அது அவர்கள் மட்டில் செல்லும். பேருந்து ஓடிக்கொண்டுதான் இருக்கும். நின்றுபோனது நம்முடையது மட்டும்தான்.

எனக்கும் கோபம் இருக்கிறது அண்ணி. நீங்கள் அவனோடு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தீர்கள். நான் அதற்கு முன்னால் அவன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தவள். நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், “இந்த இழுப்பறையைத் திறந்தா உலகத்துல இருக்கிற எதுவும் கிடைக்கும், ஆனா என்ன கேக்கணும்னு உனக்குத் தெரியணும்” என்று சொன்னவன் அவன். அதைக் கேட்டுத்தான் நான் நூலகர் ஆனேன். அவன் எழுதியது பிள்ளைகள் கையில் புழங்குவதைப் பார்க்கும்போது அவன் இன்னும் வகுப்புக்குப் போய் வருகிற மாதிரி இருந்தது எனக்கு. நீங்கள் மத்தியானம் அவனைத் தேடினீர்கள். நான் தேடவே வேண்டியிருக்கவில்லை, யாராவது ஒருவர் திரையில் திறந்து வைத்திருப்பார்கள். இன்றிலிருந்து எனக்கும் இல்லை.

மூன்றாம் வருடம் செவிலியர் படிப்பு படிக்கிற பெண் ஒருத்தி தினமும் வருவாள். ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் எவ்வளவு நேரம் வரிசையில் காத்திருக்கிறார்கள் என்பது அவள் ஆய்வு. நான் வரிசைக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன். முதலில் வந்தபோது தேடல் பெட்டியில் ஒரு முழுக் கேள்வியையே அடித்துவிட்டு, எதுவும் வரவில்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டவள். கேள்வியை உடைத்துச் சொற்களாகப் போடவும், ஒரே பொருளுக்கு வேறு வேறு சொல் போட்டுப் பார்க்கவும், வருடத்தை வைத்து வடிகட்டவும் கற்றுக்கொடுத்தேன். அண்ணனின் பாடங்களை நான்தான் காட்டினேன். இன்று மதியம் வந்து, “மேடம், அந்தப் பக்கம் திறக்க மாட்டேங்குது” என்றாள். “எடுத்தாச்சு” என்றேன். “ஏன் மேடம்?” என்றாள். “குடும்ப விஷயம்” என்றேன். பாவம், அதற்கு மேல் அவள் என்ன கேட்பாள்?

வாண்டு


ஜூலை 27

வாண்டுவுக்கு,

நேற்று மத்தியானமும் பழக்க தோஷத்தில் உட்கார்ந்து தேடினேன். முதலில் பேருந்துதான் வந்தது. நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது, யாரைச் சொல்ல?

நீ அழுதுகொண்டே எழுதினாய் என்று தெரிகிறது. சைக்கிள் பின்னால் உட்கார்ந்தவள் நீ என்பதை நான் மறக்கவில்லை. நான் கல்யாணமாகி வந்த புதிதில், அந்தச் சைக்கிளில் அண்ணிக்கு இடம் கிடையாது என்று நீ அழுத அழுகை இந்தத் தெருவுக்கே தெரியும்.

நீ நூலகத்தைப் பற்றி எழுதியது மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் கேட்டுப் போன கட்டுரை அந்த அட்டவணைப் புத்தகத்தில் இருந்தது, ஆனால் அந்த இதழ் அங்கே இல்லை. வேறொரு நூலகத்திலிருந்து வரவழைக்கலாம் என்று சொல்லி உன் அண்ணன்தான் விண்ணப்பம் நிரப்பினார். வருமா வருமா என்று ஒவ்வொரு வாரமும் போய்க் கேட்பேன். அவரும் தற்செயலாக அங்கேயே இருப்பார். கடைசியில் நகல் வந்து சேர்ந்தபோது ஓரங்கள் கறுத்து, நடுவில் ஒரு பக்கமே இல்லை. எனக்கு வேண்டியது அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. “இன்னொரு தடவை விண்ணப்பிச்சிரலாம்” என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்! ஒரு தாளுக்காக அப்படிக் காத்திருந்த காலம். அந்தப் பக்கம் வருவதற்குள் பெண் பார்க்கவே வந்துவிட்டார்கள்.

அந்த வரிசைக்காரிக்கு என்ன ஆயிற்று? அவளை நினைத்தால் உறுத்துகிறது. ஆய்வு முடிக்கும் நாள் நெருங்குகிறதா? உன்னிடம் இருக்கும் தாள்களை நகல் எடுத்து அவளுக்குக் கொடு. படிக்கட்டும். மாற்ற வேண்டாம் என்று மட்டும் சொல். இன்னொன்றும் சொல். ஆஸ்பத்திரி வரிசை என்றால் எல்லாரும் காலையில் மருத்துவர் அறைக்கு முன்னால் நிற்பதைத்தான் பார்ப்பார்கள். சாயங்காலம் மருந்து வாங்கும் ஜன்னலில் நிற்பதை யாரும் பார்ப்பதில்லை. அந்த ஜன்னலுக்கு உள்ளே நின்று பார்த்தவள் நான்.

அண்ணி


ஆகஸ்ட் 6

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி நகல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வரிசைக்காரி வந்தாள். நகலை நீட்டினேன். வாங்கவில்லை. தயங்கித் தயங்கித் தன் பையிலிருந்து சில தாள்களை எடுத்தாள். பக்கத்தை நான் எடுப்பதற்கு முன்பே பாடத்தைத் தன் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கிறாள். இளைய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தர ஐந்தாம் பாடத்தை மாற்றியும் எழுதியிருக்கிறாள். அவள் எடுத்த நாளில் அனுமதி இருந்ததால் அவள்மேல் தப்பில்லை. ஆனாலும், போச்சுடா, இவள் எந்த வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாளோ என்று நினைத்தேன்.

அவள் சொன்னது அதைவிடப் பெரிய அடி. “மேடம், கோவிச்சுக்காதீங்க. சார் கணக்குல ஒரு தப்பு இருக்கு” என்றாள்.

அண்ணனிடம் தப்பா? காதெல்லாம் சூடாகிவிட்டது. நூறு தடவை படித்திருக்கிறேனே, என் கண்ணில் படாத தப்பு உன் கண்ணில் பட்டதா என்று கேட்க வாய் வந்தது. நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்பதால் தப்பித்தாள். அவளுடைய தாளிலிருந்து அந்தப் பகுதியை அப்படியே எழுதுகிறேன்.

“ஆசிரியர் நேரத்தோடு, போன இடத்தையும் அட்டவணையில் தந்திருக்கிறார். பெரியப்பா வீடு, அத்தை வீடு, சித்தப்பா மகன் கல்யாணம், தங்கை வீடு. எல்லாம் ஆசிரியருடைய உறவினர் வீடுகள். மனைவியின் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய நாள் ஒன்றுகூட இல்லை. ஆகவே கணக்குக்கான நாள்களின் மாதிரி ஒருபக்கமாக எடுக்கப்பட்டது. இதை வைத்து மனைவி தாமதமாகக் கிளம்புகிறவர் என்று சொல்ல முடியாது. சராசரியைப் பார்த்தாலும் இடைநிலையைப் பார்த்தாலும் இந்தக் குறை தீராது. மனைவியையும் கேட்டிருக்க வேண்டும்.”

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அண்ணி. தங்கை வீடு என்றால் என் வீடு! என் வீட்டுக்கு வருவதற்குத்தான் நீங்கள் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டீர்களா?

இதைக் கண்டுபிடித்த பிறகுதான் தன் ஆய்விலும் அதே குறை இருப்பது தெரிந்ததாம். அவளும் காலை வரிசையை மட்டும்தான் அளந்திருந்தாள். நீங்கள் எழுதிய மருந்து ஜன்னல் விஷயத்தைச் சொன்னேன். இப்போது தினமும் சாயங்காலம் அங்கே போய் நிற்கிறாள்.

உங்களை அவள் பாடத்திலிருந்து எடுக்கவில்லை. இந்த ஒரு பத்தியைச் சேர்த்ததுதான் அவள் செய்த மாற்றம். இதை எல்லாருக்கும் போடலாமா என்று கேட்கிறாள். அவங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சொல்ல வேண்டியது நீங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இந்தத் தடவை முறுக்கிக்கொள்ள மாட்டேன். போடலாம் என்றால், நன்றி சொல்லும் இடத்தில் அந்த மனைவியின் பெயரைப் போட ஆசைப்படுகிறாள். “அவங்களும் இந்தப் பாடத்துல பாதி ஆசிரியர் மாதிரிதானே மேடம்” என்கிறாள். உங்கள் பெயரைக் கொடுக்கட்டுமா?

உங்கள்
வாண்டு


ஆகஸ்ட் 12

என் வாண்டுவுக்கு,

உன் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். “ஒருபக்கமாக எடுக்கப்பட்டது” என்ற இடத்தில் உரக்கச் சிரித்துவிட்டேன். எதிர் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். எத்தனை வருடம் ஆயிற்று, முகம் தெரியாத ஒரு பெண் எங்கிருந்தோ வந்து எனக்காக வாதாடியிருக்கிறாள்!

நான் அன்றைக்கே சொன்னேன். எங்கம்மா வீட்டுக்குப் போகிற நாளில் நான் வாசலில் நிற்பேன், இந்த மனுஷன் சாவியைத் தேடிக்கொண்டு இருப்பார். “அதையும் எழுதுங்க” என்றேன். “அதெல்லாம் விதிவிலக்கு, கணக்குல சேராது” என்றார். பெரிய புள்ளியியல் வாத்தியார்! சிரித்துக்கொண்டே சொன்னார், அதனால் நானும் விட்டுவிட்டேன். உன் வீட்டைப் பற்றிக் கேட்டாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

திரும்பப் போடு. எல்லாப் பாடத்தையும் போடு. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம் என்றே போடு. என்னை எடுத்துவிடுவார்கள் என்று பயந்தேன். இந்தப் பெண் கையில் கொடுத்த பிறகுதான் நான் அதில் சரியாக வந்திருக்கிறேன். மாற்றக் கூடாது என்று பூட்டி வைத்திருந்தால் உன் அண்ணன் சொன்னதுதான் கடைசி வார்த்தையாக நின்றிருக்கும். அவருக்கும் யாராவது மறுத்துப் பேசினால் பிடிக்கும், என்னைத் தவிர யாராக இருந்தாலும். அந்தப் பேருந்துக்காரர்மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் வாசலில் நின்று காத்திருக்க வீட்டுக்குள் ஒருவர்கூட இல்லையோ என்னவோ.

வரிசைக்காரியிடம் சொல். சாயங்காலம் அந்த ஜன்னலில் நிற்கும்போது உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல். உள்ளே இருப்பவர்களிடம் சிரித்துக் கேட்டால் கொடுப்பார்கள்.

ஆனால் என் பெயர் வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை. சொன்னால் உனக்குப் புரியும், நீ யாரிடமும் சொல்ல மாட்டாய்.

மனைவியையும் கேட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாளே, கேட்டிருந்தாலும் நான் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டேன். உன் வீட்டுக்கோ உன் பெரியப்பா வீட்டுக்கோ கிளம்பும்போது நான் ஒரு நாளும் தாமதம் செய்ததில்லை. முதல் தடவை கூப்பிடும்போதே சேலை கட்டி, தலை வாரி, கைப்பையையும் எடுத்துக்கொண்டு அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருப்பேன். “இதோ வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பேன். இரண்டாவது தடவை குரலில் அதட்டல் இருக்கும். அப்போதும் போக மாட்டேன். மூன்றாவது தடவைதான் உன் அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மற்ற நாளெல்லாம் ‘இந்தாம்மா’, ‘எங்க இருக்க’, இவ்வளவுதான். உங்கள் வீட்டில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இல்லை. வாசலில் நின்று, பொறுமை போய், யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கொஞ்சம் கெஞ்சலாக என் பெயரைச் சொல்வார். அதைக் கேட்டுவிட்டுத்தான் வெளியே வருவேன். வளையலைத் தேடினேன் என்று சொன்ன நாளும் அப்படித்தான், அன்றைக்குப் பெயர் வரத்தான் அவ்வளவு நேரமாயிற்று.

அவர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்து நிமிடங்களைக் குறித்துக்கொண்டிருந்தார், பாவம். எதை அளக்கிறோம் என்றே அவருக்குத் தெரியாது.

அவர் போன பிறகு அந்தப் பெயரை வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் கூப்பிடுகிறார்கள், எழுந்து போகிறேன். அது வேறு. அந்தக் குரலில் இனி யாரும் கூப்பிடப் போவதில்லை. அதை அச்சில் பார்க்க என்னால் முடியாது. பாடத்தில் ‘மனைவி’ என்றே இருக்கட்டும். கதவுக்குப் பின்னால் நிற்கிறவளுக்கு அது போதும்.

உன்
அண்ணி